எவர்சில்வர் கூண்டு

முனீஸுக்குத் திருப்பூரில் யாரையும் பிடிக்காது. மண்டபத்து மேனேஜர்களைப் பிடிக்காது, ட்ரோன் பறக்க விடுகிறவர்களைப் பிடிக்காது, பனியன் கம்பெனி முதலாளிகளை அறவே பிடிக்காது. ஏழு வருடம் கல்யாண வீடியோ எடுத்து ஊறிப்போன வெறுப்பு அது. சரியாகத் தாலி கட்டும் நேரம் பார்த்து லென்ஸுக்கு முன்னால் வந்து நிற்கும் பெரியப்பாக்களின் முதுகை எத்தனை வருடம்தான் ஒருவன் படம் பிடிப்பான்? இந்த ஊரில் கேமரா தெரிந்தவன் தான் ஒருவனே, மற்றவர்கள் எல்லாம் அதற்குக் குறுக்கே வருவதற்கென்றே பிறந்தவர்கள் என்பது அவன் முடிவு.

அப்படிப்பட்டவன் ஆறு மாதமாக வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். தையல் மெஷின் ஓடுவதை எடு, முதலாளி தங்கதுரை கோயிலுக்கு நன்கொடை கொடுப்பதை எடு, பேத்தி பிறந்தநாளை எடு. எல்லாம் ட்ரையல் வேலை. நிரந்தரம் என்ற பேச்சை எடுத்தால் தங்கதுரை, "பாத்துக்கலாமுங்க கண்ணு" என்பார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். இல்லை என்பதைக்கூட வெல்லம் தடவித்தான் சொல்வார். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் முனீஸுடையது. அந்தக் கொங்குக் குழைவு அவனுக்குக் காதில் பூச்சி புகுந்தாற்போல் இருக்கும்.

கடைசியில் ஒரு வாய்ப்பு வந்தது. டென்மார்க்கிலிருந்து சரக்கு வாங்க ஒரு பையர். யாரோ ஒருவன் அடுத்தவன் பேக்டரியைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டித் தன்னுடையது என்று அனுப்பி அவர்களை ஏமாற்றியிருந்தான் போலிருக்கிறது. அதனால் அவர்கள் ஒரே நிபந்தனை போட்டார்கள். நூல் குடோனில் தொடங்கி, நிட்டிங், கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் என்று நடந்து, சாம்பிள் ரூமில் முடிய வேண்டும். அங்கே பெட்டிக்குள் போகும் உருப்படியை ஒப்புதலான சாம்பிளோடு வைத்து அளந்து காட்ட வேண்டும். நடுவில் ஓர் இடத்தில்கூட வெட்டக் கூடாது. பதினோரு நிமிடம், ஒரே ஓட்டம். இந்த வீடியோ தேறினால் முனீஸுக்கு வேலை நிரந்தரம், கதவில் பெயர் போட்டு ஏசி வைத்த தனி அறை. தேறாவிட்டால் பழையபடி பெரியப்பாக்களின் முதுகு. தங்கதுரை இதை வெல்லம் தடவாமலே சொல்லிவிட்டார்.

அந்த வேலைக்கு ஒரு கேஜ் வேண்டியிருந்தது. கேமராவைச் சுற்றிப் பொருத்தும் அலுமினியச் சட்டம் அது. மேலே ஒரு பிடி, பக்கத்தில் ஒரு பிடி, மைக்கையும் சின்னத் திரையையும் மாட்ட அங்கங்கே திருகுத் துளைகள். வெறும் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு பதினோரு நிமிடம் நடந்தால் மூன்றாவது நிமிடத்திலேயே மணிக்கட்டு நடுங்க ஆரம்பித்துவிடும். முனீஸ் மூன்று நாள் உட்கார்ந்து தேடினான். பாதிச் சட்டம் போதுமா, முழுச் சட்டம் வேண்டுமா? பேட்டரிக் கதவு தடையில்லாமல் திறக்குமா? கேமரா உள்ளே திரும்பாமல் பிடித்துக்கொள்ளுமா? இடது பக்கத்தில், ஸ்கிரீனுக்குப் பின்னால், சூடு வெளியே போகும் சந்தை மறைக்காமல் இருக்குமா? ஒவ்வொன்றாகப் பார்த்து, தன் கேமரா மாடலுக்கென்றே செய்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். இப்படித் தேர்ந்தெடுக்க இந்த ஊரில் வேறு எவனுக்குத் தெரியும் என்று அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

பார்சல் வந்தது. தங்கதுரை அதைப் பிரித்தார், கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், முகம் சுண்டிப்போனது. நேரே லேபுக்கு எடுத்துப் போனார். அங்கே துணி எத்தனை கிராம் கனம் என்று பார்க்கும் குட்டித் தராசு ஒன்று உண்டு. பனியன்காரன் துணியின் தரத்தைக் கண்ணால் பார்ப்பதைவிட அந்தத் தராசில்தான் அதிகம் பார்ப்பான். தங்கதுரை கேஜைத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

"இருநூத்தி இருவது கிராமுங்க" என்றார், ஏமாந்துபோன குரலில். "மெல்லிசு பனியன் துணியாட்ட இருக்குது. எடை இல்லாத பொருளு என்னுங்க பொருளு?"

எடை குறைவாக இருப்பதுதான் இதன் சிறப்பு என்று முனீஸ் எடுத்துச் சொன்னான். தங்கதுரை கேட்டுக்கொண்டார். நன்றாகவே கேட்டுக்கொண்டார். பிறகு, தலையில் குடம் வைத்து நடப்பவளுக்கு நடை ஆடாது, வெறுங்கையை வீசி நடப்பவளுக்குத்தான் ஆடும், கனம் இருந்தால் கை தானே நிதானத்துக்கு வரும் என்று அவனுக்கே பாடம் எடுத்தார். அதில் அரைவாசி நிஜம் இருந்தது முனீஸுக்குத் தெரியும். சினிமாக் கேமராக்கள் கனமாக இருப்பதால்தான் அசையாமல் இருக்கின்றன. ஆனால் ஒரு பனியன்காரர் வாயிலிருந்து வந்ததை ஒத்துக்கொள்வதற்கு அவன் வேறு பிறவி எடுத்து வரவேண்டும்.

அடுத்து முதலாளி சொன்னதுதான் உச்சம். "கவுண்டர் சாம்பிள் போட்டர்லாமுங்க."

இந்த ஊரின் வியாதி அது. பையர் ஒரு சட்டையை அனுப்பினால், அதை அளந்து அதேபோல் இன்னொன்று தைத்துக் காட்டுவார்கள். அதற்குப் பெயர் கவுண்டர் சாம்பிள். அப்படியே பழகிப்போய் இவர்களுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் அளந்து இன்னொன்று செய்யத் தோன்றும். கடவுளே நேரில் வந்து நின்றாலும் நெஞ்சளவு எடுத்துவிட்டுத்தான் கும்பிடுவார்கள் என்று முனீஸ் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அனுப்பர்பாளையத்தில் தங்கதுரையின் சொந்தக்காரர் ஒருவர் எவர்சில்வர் பாத்திரப் பட்டறை வைத்திருந்தார். நல்ல கனமான எவர்சில்வரில் அங்கே ஒன்று அடித்துவிடலாம், வந்ததைப் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது திட்டம். அடித்துப் பார்க்கட்டும், பட்டால்தான் புத்தி வரும் என்று முனீஸ் விட்டுவிட்டான்.

அளவெடுக்கும் வேலை சண்முகவேலிடம் வந்தது. அவர்தான் அங்கே பேட்டர்ன் மாஸ்டர். சேவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கம்பெனியில் எந்த உருப்படியும் அவர் அளக்காமல் வெளியே போனதில்லை. அவர் கேஜை மேஜையில் கிடத்தி, சட்டையை நீவுவதுபோல் ஒரு தரம் நீவிவிட்டு, இஞ்ச் டேப்பால் உயரம், அகலம், கனம் என்று அளந்து சார்ட்டில் எழுதினார். ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில், கூடக் குறையக் கால் இஞ்ச் போகலாம் என்று டாலரன்ஸும் போட்டார். பனியன் துணி இழுத்தால் வரும், விட்டால் போகும். அதற்குக் கால் இஞ்ச் ஒரு பொருட்டே இல்லை. எவர்சில்வர் எந்தக் காலத்தில் இழுத்தால் வந்தது? முனீஸ் சுவரில் சாய்ந்து நின்று இந்தக் கூத்தை ரசித்துக்கொண்டிருந்தான்.

எழுதிக்கொண்டிருந்த சண்முகவேல் பேனாவை நிறுத்தினார்.

"தம்பி, இது துணி இல்லீங்க. எனக்குப் பழக்கமில்லாத சாமானுங்க" என்றார். "எங்கெங்க புடிச்சாப்ல இருக்கோணும், எங்கெங்க லூசு உடலாம்னு நீங்க சொன்னீங்கன்னா, அப்படியே எழுதிப் போடறேனுங்க."

நல்ல கேள்வி. அந்தக் கம்பெனியில் ஆறு மாதத்தில் யாரும் அவனிடம் கேட்ட ஒரே நல்ல கேள்வி. இரண்டு நிமிடம் செலவழித்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

"உங்களுக்குத் தெரியாததா மாஸ்டர்?" என்றான் முனீஸ். "நீங்களே பாத்துப் போடுங்க."

சண்முகவேல் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு தலையசைத்தார். முனீஸ் வெளியே வந்து, கல்யாண வீடியோ கூட்டாளி ராஜபாண்டிக்கு ஃபோன் போட்டு, கேமராவுக்கு நெஞ்சளவு எடுத்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இரண்டு டீ ஆகும்வரை சிரித்தான்.

எட்டாம் நாள் கூண்டு வந்தது. தங்கதுரை அதைக் கூண்டு என்றே சொன்னார். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ். மேல் பிடியில், சீர்ப் பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரியே புள்ளி புள்ளியாக 'ச. தங்கதுரை' என்று பெயரும், கீழே தேதியும் வெட்டியிருந்தது. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். முனீஸுக்கு வந்த சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. கேமராவை உள்ளே வைத்து அடித் திருகை முறுக்கினான். ஆட்டிப் பார்த்தால், டப்பாவுக்குள் போட்ட புளியங்கொட்டை போல உள்ளே லொடலொடவென்று ஆடியது. பட்டறைக்காரர் நேர்மையான மனிதர். கால் இஞ்ச் போகலாம் என்று எழுதியிருந்தது, எல்லாப் பக்கமும் கால் இஞ்ச் விட்டிருந்தார்.

சண்முகவேலின் முகம் செத்துவிட்டது. திரும்பச் செய்ய நேரமில்லை, மறுநாள் வீடியோ போயாக வேண்டும். பழைய கேஜ் அன்று காலையில்தான் கூரியரில் ஏறியிருந்தது. எல்லோரும் முனீஸைப் பார்த்தார்கள். அவனுக்கு அந்த நிமிடம் அமிர்தமாக இருந்தது. மெஷின் துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட்டில் ஒரு கை அள்ளி, கேமராவுக்கும் கூண்டுக்கும் நடுவே நாலு பக்கமும் திணித்தான். லொடலொடப்பு நின்றது.

"கேமராவுக்கும் பனியன் போட்டாச்சு மாஸ்டர்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சண்முகவேலும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கினார்கள். போகிற வழியில் ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒருவர் கேமராவைப் பார்த்துத் தன் பெயரையும் வேலையையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கடைசி ஆள் சண்முகவேல். அளவு பிடித்துக் காட்டப்போவது அவர்தான். அன்றைக்கென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். "ஐ ஆம் சண்முகவேல், பேட்டர்ன் மாஸ்டர், ட்வென்டி டூ இயர்ஸ்" என்ற வாக்கியத்தைக் காலையிலிருந்து வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸிலும் சொல்லிக்கொண்டே வந்தாராம், பக்கத்து சீட்டு ஆள் எழுந்து போய்விட்டாராம், அவரே சொன்னார். இந்த மூஞ்சி டென்மார்க் வரைக்கும் போகணுமாக்கும் என்று முனீஸ் நினைத்தான்.

முதல் ஓட்டம் நன்றாகவே போனது. சொல்லப்போனால், முனீஸுக்கு எரிச்சல் வரும் அளவுக்கு நன்றாகப் போனது. அந்தப் பாழாய்ப்போன கனம் கையை அமுக்கிப் பிடித்தது. திரையில் படம் தண்ணீரில் மிதக்கிற மாதிரி நழுவிக்கொண்டு போனது. நூல் குடோன், நிட்டிங், கட்டிங், தையல், ஓர் இடத்திலும் தடங்கல் இல்லை. எட்டாவது நிமிடம் அயர்னிங் செக்‌ஷனுக்குள் நுழைந்தான். நாலு பக்கமும் நீராவி. திரையில் சிவப்பாக ஒரு தெர்மாமீட்டர் படம் வந்தது. அடுத்த நொடி கேமரா அணைந்துவிட்டது.

தங்கதுரை ஓடி வந்தார். பின்னால் மேனேஜர், சண்முகவேல், அவருடைய உதவியாளர் நாற்பது வயது சுரேஷ் என்று ஒரு கூட்டமே வந்துவிட்டது. முனீஸ் கேமராவைத் தொட்டுப் பார்த்தான், தோசைக்கல்லாகச் சுட்டது. அவன் வாயில் பதில் ரெடியாக இருந்தது. உங்கள் எவர்சில்வர் கூண்டின் லட்சணம் இது முதலாளி என்று ஆறு மாதக் கடுப்பையும் சேர்த்துச் சொல்லிவிட நாக்கு துடித்தது. பேச்சுக்கு முன்னால் இடது பக்க வேஸ்ட்டைப் பிடுங்கி எறிந்தான்.

பிடுங்கியபோதுதான் பார்த்தான். சூடு வெளியே போகிற சந்தில் பனியன் துணி கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. அடைத்தது யார்? அவன். நாலு பேரைச் சிரிக்க வைக்கிற அவசரத்தில் அவன் கையே அடைத்தது. மூன்று நாள் உட்கார்ந்து எந்தச் சந்து மூடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தானோ, அதே சந்து.

"இந்த வேஸ்ட்டு எதுக்குங்க உள்ள?" என்றார் தங்கதுரை.

கூண்டு லூசாக இருந்தது, ஆடாமல் இருக்க வைத்தது என்றான். அதில் பொய் இல்லை. லூசு எப்படி வந்தது என்று அவர் கேட்டார். முனீஸ் குனிந்து, எறிந்த வேஸ்ட்டைப் பொறுக்கினான். அயர்ன் பாக்ஸ்கள் புஸ் புஸ் என்று ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

சண்முகவேல் ஓரடி முன்னால் வந்தார். "அளவு எடுத்தது நானுங்க. துணிக்குப் போடறாப்ல கால் இஞ்ச் டாலரன்ஸ் போட்டுட்டனுங்க. அது என் தப்புங்க."

அவ்வளவுதான் சொன்னார். தம்பியிடம் கேட்டேன், தம்பி சொல்லவில்லை என்று அவர் சொல்லவில்லை. முனீஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டதையே அவர் மறந்திருக்கலாம். அல்லது, அளவு தன் பொறுப்பு, அதில் அடுத்தவனை இழுப்பது அசிங்கம் என்று நினைத்திருக்கலாம். அந்த மனிதரை ஆறு மாதமாகப் பார்த்தும் இதில் எது என்று முனீஸுக்குத் தெரியவில்லை.

தங்கதுரை கத்தவில்லை. அவர் கத்துகிற ஆளில்லை. "இருவத்திரண்டு வருசமுங்க மாஸ்டரு" என்றார், எப்போதும்போல் மெதுவாக. "பையரு பாக்கற வீடியோவுல அளவு புடிச்சுக் காட்டறது நீங்க வேண்டாமுங்க. சுரேசு காட்டட்டும். நாளையிலிருந்து சாம்பிள் ரூமையும் அவரே பாத்துக்கட்டுங்க."

சண்முகவேல் சரிங்க என்றார். நாற்பது பேர் வேலை செய்கிற செக்‌ஷன் அது. நாற்பது பேரும் தலையைக் குனிந்து மும்முரமாக இஸ்திரி போட்டார்கள்.

முனீஸின் வாய் பாதி திறந்தபடியே இருந்ததை முதலாளி கவனித்திருக்க வேண்டும். "தம்பி, நீங்க ஏதாச்சும் சொல்லோணுங்களா?" என்றார்.

சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். அவர் என்னிடம் கேட்டார், நான்தான் சொல்லவில்லை. துணியை அடைத்ததும் நான்தான். முனீஸுக்கு அந்த அறை நினைவுக்கு வந்தது, கதவில் தன் பெயர் தெரிந்தது. மண்டபத்து மேடையும் வரிசையாகப் பட்டுச் சட்டை முதுகுகளும் தெரிந்தன.

"இல்ல முதலாளி" என்றான். "சூடு ஆறட்டும், அடுத்த டேக் போயிரலாம்."

கேமரா ஆற அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் முனீஸ் கழுத்துப் பட்டிக்குப் போடும் ரிப் துணியில் இரண்டு கீற்று வெட்டி, அடியிலும் வலப்பக்கமும் மட்டும் கொடுத்து, இடது சந்தைத் திறந்து விட்டான். கூண்டு ஆடவில்லை. நேற்றே செய்திருக்க வேண்டியது. செய்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்பது அவனுக்குச் சுருக்கென்றது.

இரண்டாவது ஓட்டம் தொடங்கியது. நூல் குடோன், நிட்டிங், கட்டிங், தையல். அயர்னிங்கில் தெர்மாமீட்டர் வரவில்லை. பேக்கிங்கில் பெட்டி ஒட்டுகிற பெண் தன் பெயரைச் சொல்லிச் சிரித்தாள். பத்தாவது நிமிடம், சாம்பிள் ரூம் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. வாசலில் அட்டைப்பெட்டி ஏற்றிய ட்ராலி ஒன்றை யாரோ அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். மோதினால் எல்லாம் போச்சு. நின்றாலும் போச்சு, முதலிலிருந்து நடக்க வேண்டும்.

சுவரோரமாக நின்றிருந்த வெள்ளைச் சட்டை அசைந்தது. சண்முகவேல் சத்தமில்லாமல் வந்து, படத்துக்குள் தான் விழாதபடி நன்றாகக் குனிந்து, ட்ராலியை இழுத்து ஓரம் கட்டினார். பிறகு சுவரோடு ஒட்டிக்கொண்டு, அங்கே ஒரு படி இருக்கிறது என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். அவர் உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி முனீஸ் கேமராவோடு கடந்தான். கஞ்சி வாசனை வந்தது.

உள்ளே சுரேஷ் இரண்டு உருப்படிகளையும் ஒட்டி வைத்து அளந்து காட்டினார். "ஐ ஆம் சுரேஷ், பேட்டர்ன் மாஸ்டர்" என்று திணறித் திணறிச் சொன்னார். முனீஸ் டேப்பின் எண்களை நெருங்கிப் போய்க் காட்டி, பத்து வரை எண்ணி, நிறுத்தினான்.

அலுவலக அறையில் பெரிய டிவியில் போட்டுப் பார்த்தார்கள். தங்கதுரைக்கு ஏகச் சந்தோஷம். எடை இருக்கோணும்னு நாஞ் சொன்னேனல்லங்க என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். மேனேஜரைக் கூப்பிட்டு, தம்பிக்கு அந்த மூலை ரூமை ஒழித்துக் கொடுங்க என்றார். அவர் சொன்னது கனத்தைப் பற்றி, அது சரியாகவே இருந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டறைக்காரர் எழுதியிருந்தபடி செய்தார். சண்முகவேல் தெரியாததைத் தெரியாது என்று வாய்விட்டுக் கேட்டார். அந்தக் கம்பெனியில் வேண்டுமென்றே கேவலமாக நடந்துகொண்டவன் ஒரே ஒருவன்தான் என்று முனீஸுக்கு நன்றாகத் தெரிந்தது. சாம்பிள் ரூம் வாசலைத் தாண்டும்போதும் அது அவனுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

தங்கதுரை அந்த இடத்தையே பின்னால் ஓட்டி இன்னொரு தரம் போடச் சொன்னார். பேக்கிங் முடிந்தது, வாசல் வந்தது, படி வந்தது. அங்கேயாவது தன் கை ஒரு துளி நடுங்கியிருக்காதா என்று முனீஸ் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று உற்றுப் பார்த்தான்.

நடுங்கவே இல்லை.